கல்நார் புற்றுநோயும் அக்குபங்சர் ஊசியும்: வாசகர் கேள்விகள்

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியை வேலையிடத்தில் சுவாசித்தவர்களுக்கு 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துக்கூட புற்றுநோய் வரலாம். நுரையீரலுக்குள் வருவது ஒரு வகை. நுரையீரலையோ குடலையோ போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருவது மீசோதெலியோமா. இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார் அக்குபங்சர் பற்றி எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு, வலி தணிப்பு மருத்துவர் ஒருவரும் அக்குபங்சர் பயின்ற இயற்கை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து தரும் பதில்கள் இவை.

என் மாமனார் சிமென்ட் ஷீட் தொழிற்சாலையில் 22 வருஷம் வேலை பார்த்தவர். பயாப்ஸியில் மீசோதெலியோமா என்று வந்திருக்கிறது. "கீமோ, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கூட்டி வாருங்கள், தொட்டே கல்நாரைக் கழிவாக வெளியேற்றிவிடலாம்" என்கிறார் ஒரு அக்கு ஹீலர். போகலாமா?
— வாசகி, திருப்பூர்

அவரிடம் போகாதீர்கள். மருந்தை நிறுத்தினால்தான் பார்ப்பேன் என்று யார் சொன்னாலும், அந்த ஒரு நிபந்தனையே திரும்பி வந்துவிடப் போதுமான காரணம்.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடியில் தைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் தூசியை விழுங்கி அகற்றும் அணுக்கள் நம் நுரையீரலில் உண்டு. ஆனால் நீளமான இழையை அவற்றால் முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கிய நிலையில் அந்த அணு சிதைந்து, சுற்றிலும் அழற்சி உண்டாகிறது. பல்லாண்டுக் காலம் இப்படியே நடந்து நடந்துதான் புற்று வருகிறது. கையைத் தொட்டாலும் காலில் ஊசி வைத்தாலும் அந்த இழை கழிவாக வெளியே வர வழியே கிடையாது. கட்டியைச் சுருக்கும் ஆற்றலும் அக்குபங்சருக்கு இல்லை.

கீமோவால் என்ன பயன் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை மட்டும் பெற்ற மீசோதெலியோமா நோயாளிகளில் பாதிப் பேர் 9.3 மாதங்களைத் தாண்டினார்கள். அதோடு பெமிட்ரெக்ஸெட் என்ற இன்னொரு கீமோ மருந்தைச் சேர்த்தபோது அது 12.1 மாதமானது. இது 2003இல் வெளியான ஆய்வு. பிறகு நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு எதிர்ப்பாற்றல் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், கீமோ பெற்றவர்களுக்கு 14.1 மாதமாக இருந்தது 18.1 மாதமாகக் கூடியது. கேட்க அற்பமான கணக்காகத் தோன்றலாம். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நான்கு மாதம் என்ன என்பது தெரியும். அதை ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது.

வலி, குமட்டல், மூச்சுவாங்கல், தூக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றைக் கொஞ்சம் தணிக்கத்தான் அக்குபங்சர். மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தும் நடக்க வேண்டும்.

மூச்சுவாங்கலுக்கு ஊசி உதவும் என்பதற்கு ஆதாரம் ஏதும் உண்டா?
— வாசகர், தூத்துக்குடி

உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் இருக்கிறது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனைக் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் புற்றுநோயாளிகளோடு மீசோதெலியோமா நோயாளிகளையும் சேர்த்து 173 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவுக்கு அக்குபங்சர், ஒரு பிரிவுக்கு மார்ஃபின், மூன்றாவதற்கு இரண்டும். நான்கு மணி நேரம் கழித்து மூச்சுவாங்கல் குறிப்பிட்ட அளவு குறைந்தவர்கள் முறையே 74, 60, 66 சதவீதம். புள்ளியியல்படி இவற்றுக்குள் வேறுபாடு இல்லை. ஊசி பெற்றவர்களுக்கு மன இறுக்கம் குறைந்தது. மார்ஃபின் தேவைப்பட்டவர்களும் அந்தப் பிரிவில் குறைவு.

இந்த ஆய்வில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஊசி வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலி ஊசிப் பிரிவு கிடையாது என்பதை மறக்கக் கூடாது. நியூயார்க்கில் 47 பேரிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்து 2005இல் வெளியான சிறு ஆய்வில், அசல் ஊசிக்கும் போலி ஊசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே எங்கள் கருத்து இதுதான்: மூச்சுவாங்கலுக்கு முயன்று பார்க்கலாம். நான்கு முறைக்குள் நோயாளிக்கே வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். வலிக்கு ஆதாரம் இதைவிட வலுவாக இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோயாளிகளின் பொதுவான வலிக்கும் தசை, மூட்டு வலிக்கும் அக்குபங்சரைப் பரிந்துரைக்கலாம் என்கிறது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. நேற்று வரை மாடி ஏறியவருக்கு இன்று பாத்ரூம் போய் வரவே மூச்சு வாங்குகிறது என்றால் ஊசிக்குப் போகாதீர்கள். நுரையீரல் உறைக்குள் நீர் கோத்திருக்கலாம். எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்து நீரை எடுத்தால் அன்றைக்கே மூச்சு இலகுவாகும். அந்த நிலையில் ஊசி வைத்துக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது.

அப்பாவுக்கு வலது விலாவில்தான் வலி. வலிக்கிற இடத்திலேயே ஊசி வைத்தால்தானே பலன் கிடைக்கும்? அங்கே நீர் எடுத்த தழும்பும் இருக்கிறது.
— வாசகர், கோவை

வந்த கடிதங்களிலேயே இந்தக் கேள்விக்குத்தான் மிக விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்பு, விலா, மேல்முதுகு, தோள்பட்டையின் மேல்மேடு ஆகிய இடங்களில் உங்கள் அப்பாவுக்கு ஊசி வைக்க விடாதீர்கள்.

அக்குபங்சர் ஊசி வழக்கமாக 25 முதல் 40 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். எடை குறைந்து விலா எலும்பு தெரியும் ஒருவருக்கு, தோலிலிருந்து நுரையீரல் உறை வரை 10 முதல் 20 மில்லிமீட்டர்தான். விலாக்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஊசி நுரையீரலைத் தொட்டுவிட்டால் அங்கே காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் இதைத் தாங்கிவிடக்கூடும். ஒரு பக்க நுரையீரலை ஏற்கெனவே கட்டியும் நீரும் அமுக்கிக்கொண்டிருக்க, மற்றொரு பக்கத்தை நம்பி மூச்சு விடுபவருக்கு அந்த நல்ல பக்கமும் சுருங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் நோய் இல்லாத பக்கம்தானே என்று சொல்லி அங்கே வைப்பதையும் ஏற்காதீர்கள்.

தழும்பு விஷயம் மீசோதெலியோமாவுக்கே உரியது. பயாப்ஸி ஊசியோ நீர் வடிக்கும் குழாயோ போன தடத்தைப் பிடித்துக்கொண்டு புற்று வெளியே தோலடி வரை வளர்ந்து வருவது இந்த நோயில் உண்டு. தழும்பின் மேல் கடலைப் பருப்பு அளவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் உடனே புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பின் மேலும் அந்த முடிச்சின் மேலும் ஊசி, கப்பிங் (கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சி இழுப்பது), அழுத்தித் தேய்த்தல் எதுவும் கூடாது. நீர் வடிக்கும் குழாயை உடலிலேயே பொருத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பக்கத்து மார்பையே விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் வலிக்கு எங்கே வைப்பது? கையிலும் காலிலும்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள எல்ஐ 4, முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் கீழே முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே உள்ள எஸ்டி 36 போன்ற புள்ளிகள் பயிற்சி பெற்ற எவருக்கும் தெரிந்தவை. காதிலும் வைப்பார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு நாள்பட்ட வலியோடு இருந்த 360 பேரிடம் நடந்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி வழியே லேசான மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சர் வலியை வழக்கமான சிகிச்சையைவிட 1.9 புள்ளியும், காது ஊசி 1.6 புள்ளியும் கூடுதலாகக் குறைத்தன. பத்துக்கு இத்தனை என்று அளக்கும் கணக்கு இது. காது வலி தாங்காமல் பத்தில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டதையும் அந்த ஆய்வு சொல்கிறது. பேஸ்மேக்கர் இருப்பவருக்கு மின் அக்குபங்சர் கூடாது.

லண்டன் ஆய்வில் மார்பெலும்பின் மேற்பகுதியிலும் முதுகிலும் வைத்தார்களே என்று கேட்கக்கூடும். மருத்துவமனைக்குள், எக்ஸ்ரேயும் அவசர உதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, புற்றுநோயாளிகளுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வைத்தது அது. தெருமுனைக் கிளினிக்கில் அதைப் பார்த்துச் செய்யக் கூடாது. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் சிலருக்குப் பிறவியிலேயே சிறு துளை இருக்கும். எலும்புதானே தடுக்கும் என்று நேராக இறக்கிய ஊசி அதன் வழியே இதயம் வரை போய் உயிரிழப்பு நேர்ந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

ஊசிக்குப் பிறகு மூச்சை இழுக்கும்போது கத்தி குத்துவது போன்ற வலி, வறட்டு இருமல், திடீர் மூச்சுத் திணறல் என எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் ஊசி வைத்த உடனே தோன்ற வேண்டும் என்பதில்லை, மறுநாள்கூடத் தோன்றலாம். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக "நேற்று நெஞ்சில் ஊசி வைத்தார்கள்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் புற்றுநோயின் மூச்சுவாங்கல் என்றே நினைத்து நேரம் போய்விடும்.

கீமோ போட்ட அன்றும் மறுநாளும் அம்மாவுக்குக் குமட்டல் தாங்க முடியவில்லை. ஊசி இல்லாமல் வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?
— வாசகி, சேலம்

தாராளமாக. மணிக்கட்டில் உள்ள பிசி 6 என்ற புள்ளியை அழுத்தலாம். கீமோ குமட்டலுக்கு அக்குபங்சர் பயன் தருகிறது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1997லேயே ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்தப் புள்ளியில் நடந்தவைதான்.

அம்மாவின் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புங்கள். மணிக்கட்டுக் கோட்டின் மேல் அவருடைய மறுகையின் மூன்று விரலை, மோதிர விரல் கோட்டைத் தொடும்படி, ஒட்டிப் படுக்க வையுங்கள். உங்கள் விரல் வேண்டாம், அவர் கைக்கு அவர் விரல்தான் அளவு. ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில், கையின் நடுவே, லேசாக முஷ்டி மடக்கினால் இரண்டு கயிறு போல் தசைநாண்கள் எழும். அவற்றுக்கு நடுவில் உள்ள பள்ளம்தான் பிசி 6. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கயிறுதான் இருக்கும், பதற வேண்டாம், கையின் நடுக்கோட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் சற்று அழுத்தமாக, சிறு வட்டமாக 2 முதல் 3 நிமிடம். பிறகு மறு கை. சரியான இடம் என்றால் மந்தமான ஒரு வலி தெரியும். விரல் நுனிக்கு மின்சாரம் போல் சுரீர் என்று ஓடினால் நரம்பின் மேல் அழுத்துகிறீர்கள், விரலைச் சற்று நகர்த்துங்கள்.

கீமோவுக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, பிறகு சில மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு மூன்று நாள் செய்யலாம். மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் போட்டிருக்கும் கையிலும், ரத்தம் கட்டியோ வீங்கியோ இருக்கும் கையிலும் வேண்டாம். பொத்தான் வைத்த மணிக்கட்டுப் பட்டை மருந்துக்கடையில் கிடைத்தால் அணியலாம்; விரல் வீங்கினால் கழற்றிவிடுங்கள். ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெதசோன் போன்ற குமட்டல் தடுப்பு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தபடியே கொடுங்கள். குமட்டல் வந்த பிறகு போடுவதைவிட வருமுன் போடும் மாத்திரைக்குப் பலன் அதிகம். 24 மணி நேரம் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தால், சிஸ்பிளாட்டின் போட்டவருக்குச் சிறுநீரகம் கெடக்கூடும். அப்போது மருத்துவமனைக்கே போக வேண்டும்.

ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி வைக்கக் கூடாது என்கிறார்கள். ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?
— வாசகர், மதுரை

இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபில். இது ரிப்போர்ட்டில் பெரும்பாலும் சதவீதமாகத்தான் வரும், நீங்கள் பெருக்கிக்கொள்ள வேண்டும். மொத்த வெள்ளை அணு 2,400, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 2,400இல் 30 சதவீதம், அதாவது 720. இது 1,000க்குக் கீழே இருந்தால் தள்ளிப் போடுங்கள். 500க்குக் கீழே என்றால் ஊசி என்ற பேச்சே வேண்டாம், மணிக்கட்டு அழுத்தலோடு நின்றுவிடுங்கள். இரண்டாவது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் லட்சக் கணக்கில் இருக்கும். 0.48 லட்சம் என்றால் 48,000. 50,000க்குக் கீழே தள்ளிப் போடுவதே நல்லது. கப்பிங்கும் குத்தி ரத்தம் எடுப்பதும் இந்த நோயாளிகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

கீமோ போட்ட நாளிலிருந்து 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை அணுக்கள் மிகவும் தாழும். 21 நாளுக்கு ஒரு கீமோ என்றால் மூன்றாவது வாரமும், அடுத்த கீமோவுக்கு ரத்தம் பார்த்த உடனேயும் ஊசிக்கு ஏற்ற நாட்கள். வார்ஃபரின், எனாக்ஸபாரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிக்காக அந்த மருந்தை நிறுத்தக் கூடாது. ஆழமில்லாமல் வைத்து, எடுத்த இடத்தைப் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

"உடம்பே எல்லாவற்றையும் சரிசெய்யும், சத்து மாத்திரைகூட வேண்டாம்" என்றார் ஊசி வைப்பவர். ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிட்டோம். சத்து மாத்திரைதானே?
— வாசகர், ஈரோடு

இன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து, எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று சொல்லுங்கள். அடுத்த கீமோவின் தேதியைத் தள்ள வேண்டியிருக்கலாம்.

பெமிட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்து ஃபோலேட் என்ற வைட்டமினை மறித்துத்தான் புற்று அணுவைக் கொல்கிறது. நல்ல அணுக்களுக்கும் அந்தப் பாதிப்பு கொஞ்சம் போகும். அதைத் தாங்கத்தான் ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும். முதல் கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கித் தினமும் 400 முதல் 1,000 மைக்ரோகிராம், கடைசிக் கீமோவுக்குப் பிறகும் 21 நாள். பி12 ஊசி 1,000 மைக்ரோகிராம், 9 வாரத்துக்கு ஒரு முறை. முன்பு சொன்ன 2003 ஆய்வின் தொடக்கத்தில் இவற்றைக் கொடுக்கவில்லை. நடுவில் சேர்த்த பிறகுதான் கடுமையான பின்விளைவுகள் குறைந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அது 5,000 மைக்ரோகிராம். அட்டையில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறினால் மருத்துவரைக் கேளுங்கள்.

யாரிடம் போவது? முதல் நாள் என்னென்ன பார்க்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

தமிழ்நாட்டில் பி.என்.ஒய்.எஸ். எனப்படும் இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அவர்களிடமோ, அக்குபங்சர் பயின்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரிடமோ போகலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊசி உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, காலாவதித் தேதி உள்ள உறை. தடிமன் 0.25 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ரத்தம் எடுக்கும் ஊசியில் பாதிகூட இல்லை, அதனால் வலிக்குமே என்ற பயம் வேண்டாம். "உங்கள் ஊசியை டப்பாவில் பேர் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த முறையும் அதுவேதான்" என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். வைக்கும்போது எத்தனை என்று நீங்களும் எண்ணுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். போர்வைக்கடியில், முடிக்குள் ஒன்று விட்டுப்போவது அரிதல்ல. எடுத்தவை வெள்ளை நிற, குத்தினால் கிழியாத டப்பாவுக்குள் போக வேண்டும்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும். ஒரு மணி நேரம் முன்பு இட்லியோ கஞ்சியோ கொஞ்சம் சாப்பிடட்டும். மூச்சுவாங்குபவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. தலையணை அடுக்கி அரைச் சாய்வாக, அல்லது நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் தலையணையில் சாய்ந்தபடி 20 முதல் 30 நிமிடம். வாரம் ஒரு முறை போதும். மின் அக்குபங்சரைப் பற்றிச் சொன்ன ஆய்விலும் வாரம் ஒன்றாகப் பத்து முறைதான். வலி பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் முன்பும் மறுநாளும் நோட்டில் குறித்து வையுங்கள்.

அக்குபங்சரோடு மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டுகிறார்கள். அப்பா வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார்.
— வாசகர், நாகர்கோவில்

கூடவே கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் ஒரு பொறி பட்டாலும் குழாயும் துணியும் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாதவருக்கும் அந்தப் புகை இருமலைக் கிளப்பும். சிஸ்பிளாட்டினால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு பட்டதே தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஊசி ஆரம்பித்ததிலிருந்து வலி குறைந்திருக்கிறது. மார்ஃபினை நிறுத்திவிடலாமா?
— வாசகி, வேலூர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வாரங்களாக எடுத்துவரும் மார்ஃபினைச் சட்டென்று விட்டால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு வரும், வலியும் திரும்பும். நோட்டில் எழுதிய வலிக் கணக்கை வலி தணிப்பு மருத்துவரிடம் காட்டுங்கள், படிப்படியாக அவரே குறைப்பார். மார்ஃபின் எடுக்கும் வரை மலமிளக்கியும் கூடவே வேண்டும்.

இது ஊசி பற்றிய கேள்வி அல்ல. அப்பா வேலை பார்த்த கம்பெனியிடம் அவருடைய மருத்துவப் பதிவு இருக்குமா? ஓய்வு பெற்று 11 வருஷம் ஆகிறது.
— வாசகர், கோவை

இருக்க வேண்டும். கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தந்த தீர்ப்பின்படி, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் வைத்திருக்க வேண்டும். பதிவுத் தபாலில் கேட்டு எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் இழப்பீட்டுக்குரிய தொழில்வழி நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, அப்பா எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை கல்நாரோடு வேலை பார்த்தார், மூட்டையைக் கொட்டினாரா, ஷீட் அறுத்தாரா என்பதைச் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்பாவால் பேச முடிகிறபோதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.